பச்சை ஃபியூஸ்: ஸ்விஃப்டை மாடிஃபை பண்ணப் போய் நான் கட்டிய கணக்கு

2022-இல் ஓசூரில் ஒரு பழைய ஸ்விஃப்ட் டீசல் வாங்கினேன். 2013 மாடல், விடிஐ, விலை 3,20,000. கையில் இருந்த 80,000 போக மீதிக்கு லோன். அதற்கப்புறம் அந்த வண்டியை அழகுபடுத்தவும், அழகுபடுத்தியதால் வந்த வினையைச் சரிபண்ணவும், அதற்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்டவும் சேர்த்து 1,90,800 போனது. பெட்ரோல் பங்க் பில்லின் பின்பக்கத்தில் ஒருநாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தபோதுதான் இந்தத் தொகை எனக்கே தெரியும். அதுவரை "ஏதோ ஒரு ஐம்பது அறுபது ஆகியிருக்கும்" என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதைவிட மோசம், நடுராத்திரியில் ராயக்கோட்டை தாண்டி வண்டி பானட்டுக்குள் புகை வந்து நின்றது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன், ஆனால் பணத்திலிருந்து ஆரம்பித்தால்தான் புரியும்.

எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். வேலை ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சிஎன்சி ஆபரேட்டர். வாரம் முழுக்க அங்கே ரூமில், வார லீவுக்கு ஊருக்கு. கையில் வரும் சம்பளம் அப்போது 26,500. வீட்டுக்கு 6,000, கார் இஎம்ஐ 8,320, ரூமில் என் பங்கு 2,200, மெஸ்ஸும் டீயும் 4,500, டீசல் 2,500, போன் 300, சீட்டு 2,000. எல்லாம் போக மாசக் கடைசியில் நிற்பது 680 ரூபாய். ஓவர்டைம், அதாவது ஓடி, பார்த்தால் இன்னும் நாலாயிரம் வரும், ஆனால் ஓடி எல்லா மாசமும் வராது. ஆர்டர் குறைந்தால் முதலில் வெட்டுவது ஓடியைத்தான். இந்த 680 ரூபாயை வைத்துக்கொண்டுதான் நான் பதினாறு இன்ச் அலாய் வீலுக்கு ஆசைப்பட்டேன். இந்தக் கணக்கை வண்டி வாங்கும் முன்பு ஒரு பேப்பரில் எழுதியிருந்தால் பாதிக் கூத்து நடந்திருக்காது. கம்பெனியில் ஒவ்வொரு ஜாபுக்கும் ரீடிங் எடுத்து ஷீட்டில் எழுதுகிறவன், சொந்தக் காசுக்கு ஒரு ஷீட் போடவில்லை.

ஆசை எப்படி வந்தது என்றால், வழக்கம்போலத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை கிருஷ்ணகிரி அணைப் பக்கம் நாலைந்து பேர் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுப்போம். அதில் என் வண்டி மட்டும் பழைய சினிமாவில் வரும் டிராவல்ஸ் கார் மாதிரி, பிளாஸ்டிக் வீல் கேப்போடு நிற்கும். "மச்சான், வீல மட்டும் மாத்திடு, வண்டி வேற லெவல் ஆயிடும்" என்றான் ஒருத்தன். அடுத்த மாசமே சீட்டைத் தள்ளி எடுத்தேன். 50,000 ரூபாய் சீட்டு, இருபத்தைந்து மாசம். ஐந்தாவது மாசமே அவசரப்பட்டு எடுத்ததால் 14,000 தள்ளுப் போய்க் கைக்கு வந்தது 36,000. ஏலத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "கல்யாணமாப்பா வீட்ல?" என்று அக்கறையாகக் கேட்டார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். வீலுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. எதற்குச் செலவு பண்ணுகிறோம் என்பதைப் பொய் சொல்லி மறைக்கத் தோன்றுகிறது பாருங்கள், அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும்.

அலாய் நாலும் பெங்களூரு ஜேசி ரோட்டில் 28,000. 195/55 ஆர்16 டயர் ஒன்று 6,200, நாலுக்கு 24,800. சீட்டுப் பணம் போக மீதி கிரெடிட் கார்டு. டயர் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கடைக்காரர் யாரும் சொல்ல மாட்டார். என் வண்டிக்கு வந்த கம்பெனி டயர் 165/80 ஆர்14. இரண்டுக்கும் மொத்த உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். அதனால் ஸ்பீடோமீட்டர் ஏமாற்றாது, ஆர்ச்சில் உரசாது, "பக்காவா ஃபிட் ஆகுது" என்பார்கள். ஆனால் ரிம் பெரிதாகும்போது டயரின் பக்கச் சுவர் சின்னதாகும். பழைய டயரில் 165-இல் 80 சதவீதம், அதாவது 132 மில்லிமீட்டர் ரப்பர். புதியதில் 195-இல் 55 சதவீதம், 107 மில்லிமீட்டர். பள்ளத்தில் விழும்போது அடி வாங்கிக்கொள்ளும் ரப்பர் ஒரு இன்ச் குறைந்துபோனது. ரோடு வேலை நடந்துகொண்டிருந்த ராயக்கோட்டை ரோட்டில் அந்த ஒரு இன்ச்சுக்கு என்ன மதிப்பு என்று மூன்றாவது மாசம் தெரிந்தது. ஒரே பள்ளத்தில் டயர் பக்கவாட்டில் முட்டை மாதிரிப் புடைத்துக்கொண்டது, ரிம்மும் வளைந்தது. டயர் 6,200, ரிம் நிமிர்த்த 1,800. மைலேஜும் 21-இலிருந்து 18-க்கு வந்துவிட்டது.

அதோடு விட்டேனா, இல்லை. வண்டியை இறக்க லோயரிங் ஸ்பிரிங், மாட்டும் கூலியோடு 11,500. ஊருக்குள் இருக்கும் ஸ்பீடு பிரேக்கர்கள் என்ன அளவில் போட்டவை என்று உங்களுக்குத் தெரியும். அம்மாவும் அப்பாவும் ஏறினால் ஒவ்வொன்றிலும் வண்டி வயிறு இடிக்கும். அப்பா இறங்கி நடந்து வந்து அந்தப் பக்கம் ஏறிக்கொள்வார், ஒரு வார்த்தை பேச மாட்டார். ஸ்பிரிங் மட்டும் கட்டையாகப் போட்டுவிட்டு ஷாக் அப்சார்பரைப் பழையதாகவே விட்டால் அது சீக்கிரம் போய்விடும் என்பதும் பின்னால்தான் தெரிந்தது. முன்பக்கம் இரண்டும் லீக் ஆகி 8,600. அலைன்மென்ட் மூன்று தடவை, 1,800. அப்புறம் சவுண்டுக்காகப் பின்னால் இருக்கும் சைலன்சர் டப்பாவைக் கழற்றி 7,500-க்கு வேறொன்று மாட்டினேன். டீசல் வண்டிக்குச் சவுண்டு மாற்றுவது போலக் காசைக் கரியாக்குவது வேறில்லை. முதல்நாள் வாசலில் ஸ்டார்ட் பண்ணிக் காட்டியபோது அப்பா வெளியே எட்டிப் பார்த்துக் கேட்டது: "யாரு டிராக்டருடா இது?"

சீட் கவர், ஸ்டியரிங் கவர், மற்ற சில்லறை எல்லாம் 9,400. எல்லாமே கார்டு. குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் போதும் என்று ஆப்பில் காட்டும், நானும் அதையே கட்டிக்கொண்டிருந்தேன். மாசத்துக்கு மூன்றரை சதவீதம் என்பது வருடத்துக்கு 42 என்று பெருக்கிப் பார்க்கவே இல்லை. ஊரில் கந்துவட்டி என்று யாரைத் திட்டுகிறோமோ அவர் வாங்குவது மாசம் மூன்று, நாலு. இதைத் திட்ட யாருக்கும் தோன்றுவதில்லை, மெசேஜ் அவ்வளவு மரியாதையாக வருகிறது.

இனி லைட். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வருகிறவனுக்கு வெளிச்சம் வேண்டும், அது ஆடம்பரம் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஹெட்லைட்டில் கம்பெனி பல்பு 60/55 வாட். அதை எடுத்துவிட்டு 100/90 வாட் போட்டு, பம்பரில் 55 வாட்டில் இரண்டு ஃபாக் லைட்டும் வைத்தேன். மொத்தம் 6,800. மாட்டியவர் ரிலே (அதிகக் கரன்ட்டை ஸ்விட்ச் வழியாக விடாமல் நேராக லைட்டுக்கு விடும் சின்னப் பெட்டி) போடவில்லை, தனி வயர் இழுக்கவில்லை. இடது ஹெட்லைட்டுக்குப் போகும் வயரிலேயே ஃபாக் லைட் இரண்டையும் ஜாயின்ட் அடித்துவிட்டார். இரண்டாம் வாரமே ஹைபீம் போட்டால் ஃபியூஸ் போக ஆரம்பித்தது. திரும்பப் போனேன். "இது சின்ன ஃபியூஸ் தம்பி, அதான்" என்று அங்கே இருந்த நீல ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஒரு பச்சை ஃபியூஸைச் சொருகினார். நீலம் 15 ஆம்பியர், பச்சை 30. அதற்கப்புறம் ஃபியூஸ் போகவே இல்லை. நானும் சந்தோஷமாக வந்துவிட்டேன்.

இதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருப்பது ஒன்றுதான். கம்பெனியில் மெஷின் எம்சிபி (கரன்ட் அதிகமானால் தானாக விழுகிற ஸ்விட்ச்) டிரிப் ஆனால், காரணம் கண்டுபிடிக்காமல் திரும்பத் தூக்கிவிடக் கூடாது என்று புதிதாக வரும் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவனே நான்தான். ஃபியூஸ் காப்பாற்றுவது லைட்டை அல்ல, வயரை. கணக்கும் கஷ்டமில்லை. 100-உம் இரண்டு 55-உம் சேர்ந்தால் 210 வாட், 12 வோல்ட்டால் வகுத்தால் பதினேழரை ஆம்பியர். 5 ஆம்பியர் போகிற வேலைக்காகக் கம்பெனி கொடுத்த மெல்லிய வயர் அது. பதினைந்தில் ஃபியூஸ் போனது சரியாகத்தான் போயிருக்கிறது. முப்பது போட்டதும் அந்த இடத்தில் வயரே ஃபியூஸ் ஆகிவிட்டது.

2023 நவம்பர், சனிக்கிழமை, இரண்டாம் ஷிஃப்ட் முடித்துக் கிளம்பினேன். ராயக்கோட்டை தாண்டி ஏழெட்டுக் கிலோமீட்டர் இருக்கும், பிளாஸ்டிக் கவரைக் கொளுத்தினால் வருமே, அந்த வாடை. வெளியே யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று கண்ணாடியை ஏற்றினேன். வாடை கூடியது. அடுத்து இடது பக்க லைட் போனது, உடனே வலது பக்கமும். கும்மிருட்டு. ஓரம் கட்டி இறங்கினால் பானட் விளிம்பில் கோடு கோடாகப் புகை. நெஞ்சு அடித்துக்கொண்டது, உண்மையைச் சொன்னால் கால் நடுங்கியது. பானட்டைத் தூக்கப் போனபோது பின்னால் தக்காளிப் பெட்டி ஏற்றி வந்த வண்டி நின்றது. டிரைவர் அண்ணன் இறங்கி ஓடி வந்தார். "முழுசா தூக்காதப்பா! காத்து பட்டா புடிச்சிக்கும்" என்று என் கையைத் தட்டிவிட்டார். கொஞ்சமாகத் தூக்கி எட்டிப் பார்த்தார், நெருப்பு இல்லை, புகை மட்டும். "பேட்டரிய கழட்டு, ஸ்பேனர் குடு" என்றார். என்னிடம் என்ன இருந்தது? ஸ்டியரிங் கவர் இருந்தது, வாசனை டப்பா இருந்தது, ஸ்பேனர் இல்லை. அவர் தன் சீட்டுக்கு அடியிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனர் எடுத்து வந்து மைனஸ் டெர்மினலைக் கழற்றினார். புகை நிற்க இரண்டு மூன்று நிமிஷம் ஆனது. நன்றி சொல்ல வாய் வராமல் நின்றேன். அவர் ஒரு தக்காளியைத் துடைத்துக் கையில் கொடுத்து, "சாப்பிடு, மொகம் வெளுத்துக் கெடக்கு" என்றார். அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஐம்பது அறுபது ரூபாய்க்குக் கிடைக்கும். வேறெதுவும் வாங்காவிட்டாலும் அதை வாங்கி வண்டியில் போடுங்கள். கழற்றும்போது மைனஸை முதலில்.

விடிந்ததும் கட்டி இழுத்து வர 3,500. முன்பக்க வயரிங், ஃபியூஸ் பாக்ஸ், ஒரு ஹெட்லைட் செட், கூலி எல்லாம் சேர்த்து 41,600 என்றார்கள். ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று தெம்பாக இருந்தேன். சர்வேயர் வந்தார். அதிகம் பேசவில்லை. பாதி உருகிய ஃபியூஸ் பாக்ஸில் பச்சை ஃபியூஸை விரலால் காட்டி, "இது யார் போட்டது தம்பி?" என்றார். போட்டோ எடுத்தார். ஃபாக் லைட் ஜாயின்ட்டைப் போட்டோ எடுத்தார். மூன்று வாரத்தில் கிளெய்ம் இல்லை என்று லெட்டர் வந்துவிட்டது. இன்ஷூரன்ஸ் புகாரை விசாரிக்கிற ஒம்பட்ஸ்மேனிடம் போகலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். போகவில்லை, தப்பு யார் பக்கம் என்று எனக்கே தெரிந்திருந்தது. கூடுதல் எலக்ட்ரிகல் சாமான் மாட்டினால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிச் சொல்லி, அதன் மதிப்பில் 4 சதவீதம் அளவுக்கு பிரீமியம் சேர்த்துக் கட்டலாம். 6,800-க்கு 272 ரூபாய். ஆனால் அதைக் கட்டியிருந்தாலும் அந்தப் பச்சை ஃபியூஸுக்கு அவர்கள் காசு கொடுத்திருப்பார்களா என்பது வேறு.

சட்டமும் அப்போதுதான் படித்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் இருக்கும் விவரம் கம்பெனி கொடுத்த அளவிலிருந்து மாறும்படி வண்டியில் கை வைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. கலர் மாற்றினால் ஆர்டிஓவில் ஆர்சியில் ஏற்ற வேண்டும். சீட் கவருக்கு யாரும் பிடிக்க மாட்டார்கள். ஆனால் சைலன்சர், உயரம், லைட் மூன்றும் கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிற சமாச்சாரம். என்னை அதுவரை யாரும் நிறுத்தாதது அதிர்ஷ்டம்தான். பழைய சைலன்சரைத் தேடினேன். 900 ரூபாய்க்குக் காயலான் கடையில் போட்டிருந்தேன், திரும்ப வாங்க 4,500. கழற்றுகிற கம்பெனிப் பொருள் எதையும் விற்காதீர்கள். பரண் மேல் கிடக்கட்டும்.

41,600-க்கு எங்கே போவது? கார்டு நிரம்பிவிட்டது. அம்மாவின் மூன்று பவுன் செயினைக் கேட்டேன். ஃப்ரண்டுக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்றேன். அடகு வைத்து 70,000, வட்டி மாசம் 700. கராஜ் பில்லும் கார்டில் பாதியும் அதில் அடைந்தது. அடுத்த தை மாசம் அக்கா மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும், தோடும் துணிமணியும் சீர்த்தட்டும் நான் கொண்டுபோக வேண்டும். அக்கவுண்டில் 1,140 ரூபாய் இருந்தது. பத்திரிகை அடித்த அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "செயின் எங்கன்னு உங்கக்கா கேப்பா, நான் என்ன சொல்லட்டும்?" என்று மட்டும் கேட்டார். சீருக்கான பணம் மாந்தோப்புக் குத்தகையில் அப்பா வைத்திருந்ததிலிருந்து வந்தது. மடியில் குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது எல்லாரும் "மாமன் சீர் பிரமாதம்" என்றார்கள். குனிந்துகொண்டேன். நஷ்டம் என்றால் எனக்கு ஞாபகம் வருவது அந்த நிமிஷம்தான், லட்சக் கணக்கு அப்புறம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆசையாக வாங்கியது 88,000. அதனால் பின்னாலேயே வந்த செலவு 68,000. சீட்டுத் தள்ளு 14,000, கார்டு வட்டி சுமார் 11,000, பதினாலு மாச அடகு வட்டி 9,800. அலாயையும் ஸ்பிரிங்கையும் திரும்ப விற்றதில் வந்தது 20,000. கடையில் போட்ட பில் 88,000 என்றால், கடைக்கு வெளியே அதே அளவுக்கு இன்னொரு பில் ஓடியிருக்கிறது, கொஞ்சம் அதிகமாகவே.

ஆசையை விட்டுவிட்டேனா என்றால் இல்லை. வண்டிப் பைத்தியம் போகிற வியாதி இல்லை. ஆனால் முறை மாறிவிட்டது. தபால் நிலையத்தில் தனிக் கணக்கு, ஓடி வருகிற மாசம் மட்டும் 1,500 அதில் போகும். சம்பளத்தில் கை வைப்பதில்லை. ஒரு பொருளின் விலையைப்போல் இரண்டு மடங்கு அந்தக் கணக்கில் சேர்ந்தால்தான் அதை வாங்குவது, ஏனென்றால் என் அனுபவத்தில் பின்னால் வருகிற பில் அந்த அளவுக்கு இருக்கிறது. வீல் ஆசைக்கும் வழி கிடைத்தது. அதே ஸ்விஃப்டின் டாப் மாடலான இசட்டிஐக்குக் கம்பெனியே 185/65 ஆர்15 டயரும் அலாயும் கொடுத்தது. அந்த ஒரிஜினல் அலாய் பழையதாக ஒரு செட் அகப்பட்டது, பாதி விலைக்கும் குறைவு. ரப்பர் 120 மில்லிமீட்டர், பள்ளம் தாங்குகிறது, போல்ட் பொருந்துகிறது, பார்ப்பவர் யாருக்கும் சந்தேகம் வராது. உங்கள் வண்டியின் டாப் மாடலில் என்னவெல்லாம் வருகிறது என்று முதலில் பாருங்கள், பாதி ஆசை அங்கேயே தீர்ந்துவிடும். லைட்டுக்கு அதே 60/55 பல்புதான். பேட்டரியிலிருந்து நேராக ஃபியூஸ் போட்ட தனி வயரும் ரிலேயும் நானே மாட்டினேன். பழைய மெல்லிய வயரிலும் ஸ்விட்சிலும் வழியில் குறைந்துபோகிற வோல்ட்டேஜ் இப்போது முழுசாகப் பல்புக்குப் போகிறது, அதிலேயே வெளிச்சம் தெளிவாக இருக்கிறது. செலவு ஆயிரத்துச் சொச்சம், அதுவும் ஒரு லீவு நாள் முழுக்க.

செயின் இந்த வருடம் சித்திரையில் மீட்டாயிற்று. இப்போது கண் ஒரு முன்சீட்டின் மேல் இருக்கிறது, பழையது, நல்ல கண்டிஷன், 9,000 சொல்கிறார்கள். என் கணக்குப்படி 18,000 சேர வேண்டும். தபால் நிலையப் புத்தகத்தில் 7,300 இருக்கிறது, போன மாசம் ஓடியும் இல்லை. "அதுக்குள்ள வித்துடும் தம்பி" என்று விற்கிறவர் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். வித்தால் விக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவும்போது மறுபடி ஒருதரம் கேட்டுப் பார்க்கலாம்.